அத்தாமியில் ஓர் இரவு

நேயர்களே, வணக்கம்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று வரிசையாக எழுதிவிட்டு, "நடுவில் ஒரு வெந்நீர் ஊற்று ஊரையும் பார்த்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடாதீர்கள். ஓர் இரவாவது தங்குங்கள். ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்பதை அத்தாமி என்ற கடலோர ஊரை வைத்தே சொல்கிறேன்.

இசு தீபகற்பம் தொடங்கும் இடத்தில், ஷிசுவோகா மாநிலத்தில் இருக்கிறது அத்தாமி. பின்னால் செங்குத்தான மலை, முன்னால் சகாமி விரிகுடா. இடையில் கிடைத்த சரிவிலெல்லாம் விடுதிகள். டோக்கியோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் அந்தப் பாதையில் ஓடும் வண்டி வகைகளில் நொசோமி அங்கே நிற்காது. கொடாமாவில் ஏறுங்கள், ஹிக்காரியில் சில மட்டும் நிற்கும். செலவு குறைய வேண்டுமென்றால் சாதாரண ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், கட்டணம் ஏறத்தாழ பாதிதான். அதில் போனால் இடது பக்கம் உட்காருங்கள். ஒடவாரா தாண்டியதும் கடல் கூடவே வரும்.

சரி, ஏன் தங்க வேண்டும்? ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகளில் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இடையிலுள்ள அந்த 19 மணி நேரத்துக்காகத்தான் ஜப்பானியர்களே இந்த ஊருக்கு வருகிறார்கள். வந்ததும் ஒரு குளியல், பிறகு இரவு உணவு, தூங்கப் போகுமுன் இன்னொரு குளியல், விடிந்ததும் மற்றொன்று. அத்தாமி கிழக்கே கடலைப் பார்த்த ஊர். கடலைப் பார்த்துத் திறந்தவெளிக் குளம் அமைந்த விடுதி கிடைத்தால், கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். பகல் பயணிக்கு இது கிடைக்காது. அதனால் மதியமே ஊர் சுற்றிக் களைத்துப் போகாமல் 3 மணிக்கே விடுதிக்குள் போய்விடுங்கள்.

இங்குள்ள ஊற்றுகளில் பெரும்பாலானவற்றின் தண்ணீர் உப்புக் கரிக்கும். குளித்து வெகு நேரம் ஆன பிறகும் உடம்பில் சூடு தங்கியிருக்கும். 1604-இல், அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன், அதாவது படைத்தலைவர், தொகுகாவா இயேயாசு இங்கே வந்து ஒரு வாரம் தங்கினார். பின்னர் வந்த ஷோகன்களுக்காக இந்தத் தண்ணீரைப் பீப்பாய்களில் எடோ நகரத்துக்குச் சுமந்து போயிருக்கிறார்கள். எடோ என்றால் இன்றைய டோக்கியோ. தண்ணீர் எடுத்த ஓயு ஊற்று இன்னும் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் தானாகவே பீறிட்டடித்த வெந்நீர் ஊற்று அது, இப்போது செயற்கையாகப் பீறிட வைக்கிறார்கள். 1860-இல் பிரிட்டிஷ் தூதர் ரதர்ஃபோர்ட் ஆல்காக் வந்தபோது, அவருடைய நாய் டோபி அந்தக் கொதிநீர் பட்டு இறந்தது. அதற்கு எழுப்பிய கல்லறைக் கல்லை இன்றும் பார்க்கலாம்.

நம்மவர்கள் தயங்குவது குளிக்கும் முறையைப் பற்றித்தான். பொதுக் குளத்தில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, அப்புறம்தான் குளத்துக்குள் இறங்க வேண்டும். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, நீளமான முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. இருந்தாலும் மனம் ஒப்பவில்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் குளமும், அறையோடு சேர்ந்த குளமும் பல விடுதிகளில் உண்டு. பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளத்தில் அனுமதிக்காத இடங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் இதுதான் வழி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கொஞ்ச நேரத்திலேயே எழுந்துவிடுங்கள். மது அருந்தியபின் இறங்கவே வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. விடுதி உணவில் மீன்தான் பிரதானம், கடலோர ஊர் அல்லவா! சைவம் சாப்பிடுகிறவர்கள் அறை பதிவு செய்யும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும்கூட உலர்த்திய மீனில் எடுத்த சாறு சேர்ந்திருக்கும். அதுவும் வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள். சில விடுதிகளால் முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அப்படியானால் சாப்பாடு சேராத அறையாகப் பதிவு செய்துகொள்ளலாம், விலையும் குறையும்.

எந்த நாள் போவது? சனிக்கிழமை இரவும் விடுமுறைக்கு முந்தைய இரவும் விலை ஏறிவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்கள். கடல்மேல் வாணவேடிக்கை 1952 முதல் நடக்கிறது, கோடையில் மட்டுமல்ல, ஆண்டில் பல இரவுகளில் உண்டு. அந்த நாள் வேண்டுமென்றால் வெகு முன்னதாகவே அறை பிடியுங்கள். எனக்குப் பிடித்தது ஜனவரி, பிப்ரவரி. குளிருக்கு வெந்நீர் இதம், அத்தாமியின் செர்ரி வகையும் ஜனவரியிலேயே பூக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் வானிலை அறிவிப்பைக் கவனித்தே ஆக வேண்டும். 2021 ஜூலை 3-ஆம் தேதி, இங்கே இசுசான் பகுதியில் கனமழையில் மண் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மலைமேல் கொட்டி வைத்திருந்த மண்தான் அப்படி இறங்கி வந்தது.

காலை 10 மணிக்கு வெளியே வந்தபின் ஒரே ஓர் இடம் போதும். எம்.ஓ.ஏ. (MOA) கலை அருங்காட்சியகம் வியாழக்கிழமை விடுமுறை. ஓகதா கோரின் வரைந்த புகழ்பெற்ற செவ்வண்ண, வெண்ணிற பிளம் மலர்த் திரைகள் அங்கேதான் இருக்கின்றன, ஆனால் ஆண்டு முழுவதும் காட்சிக்கு வைப்பதில்லை. என்னைக் கேட்டால் கினோமியா கோயிலுக்குப் போகச் சொல்வேன். ரயிலில் அடுத்த நிலையமே அதுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் வயது என்று சொல்லப்படும் கற்பூர மரம் அங்கே நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு மட்டும் சுமார் 24 மீட்டர்!

இன்னொன்று. அத்தாமிக்காக டோக்கியோவிலிருந்து போய் டோக்கியோவுக்கே திரும்ப வேண்டியதில்லை. அதே ஷின்கான்சென் பாதைதான் கியோட்டோவுக்கும் போகிறது. டோக்கியோ விடுதியைக் காலி செய்யும் நாளில் பெரிய பெட்டியைத் தக்யூபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவையில் நேரே கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாளுக்கு வேண்டிய துணியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கொடாமாவில் ஏறுங்கள். அத்தாமியின் ஏற்ற இறக்கங்களில் பெட்டியை உருட்டும் தொல்லை மிச்சம். மறுநாள் மதியம் மேற்கே புறப்பட்டு, நகோயாவில் நொசோமிக்கு மாறினால் மாலையில் கியோட்டோ போய்ச் சேரலாம். பெட்டியும் பெரும்பாலும் அதற்குள் அங்கே வந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.