ஒன்பதாம் வகுப்பில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

(தில்லி ஆர்.கே.புரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஏப்ரல் வெயிலில் ஜனக்புரியிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் மெட்ரோ மாறி வந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். உங்களைப் பற்றிப் பேசும்போது நீங்கள் இல்லாமல் பேசுவது எனக்குப் பிடிக்காது.

இந்த ஊரில் 28 வருஷம் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். ஏப்ரல் வந்தால் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "டீச்சர், ஐஐடிக்கு இப்பவே ஆரம்பிச்சிடலாமா? இல்ல, டாக்டருக்குப் போகலாமா?" பிள்ளை பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயது. போன வாரம்தான் எட்டாம் வகுப்பு ரிசல்ட் வந்திருக்கும்.

அப்போதெல்லாம் நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கல்லூரியின் பெயரை இந்த வருஷம் தீர்மானிக்காதீர்கள். ஆனால் இந்த வருஷம் கவனிக்காமல் விட்டால் பின்னால் எவ்வளவு ஓடினாலும் சரிக்கட்ட முடியாத சில காரியங்கள் இருக்கின்றன. எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பெயர். சிரிக்காதீர்கள். சிபிஎஸ்இ, அதாவது மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயர் அந்த வாரியத்தில் முதன்முதலாக ஏறுவது ஒன்பதாம் வகுப்பில்தான். அதுவரை பள்ளிப் பதிவேட்டில் இருந்ததோடு சரி. இந்த வருஷம் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, எடுத்திருக்கும் பாடங்கள் எல்லாவற்றையும் பள்ளி கணினியில் ஏற்றி அனுப்பும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகப்போவது அதுதான். அதற்குப் பிறகு கல்லூரி, பாஸ்போர்ட், வேலை என்று எங்கே போனாலும் "டென்த் சர்டிஃபிகேட் காட்டுங்கள்" என்பார்கள்.

இதில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே இரண்டு சிக்கல் இருக்கின்றன. நம் வீட்டில் கீதா என்று பெயர் வைத்தால் ஆங்கிலத்தில் 'டி'க்குப் பக்கத்தில் ஓர் 'எச்' போட்டு எழுதுவோம். வடக்கே அந்த 'எச்' கிடையாது. பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர் தன் பழக்கப்படி 'எச்' இல்லாமல் அடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பிறந்ததிலிருந்து பார்த்த கீதாக்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். லதா, சுஜாதா, கார்த்திக் எல்லாருக்கும் இதே கதைதான்.

இன்னொன்று முதலெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆதார் எடுக்கும்போது அங்கே அப்பா பெயரை முழுசாக எழுதியிருப்போம். பிறப்புச் சான்றிதழில் வெறும் 'எஸ்' என்று இருக்கும். பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கும்போது அவசரத்தில் அதையும் விட்டிருப்போம். மூன்று காகிதம், மூன்று பெயர், ஒரே பிள்ளை!

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இதே நிலைமை. கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்கிற நாள். அவளுடைய அப்பா ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர். மூன்று நாள் லீவு போட்டு நோட்டரி, பள்ளி, மறுபடி நோட்டரி என்று அலைந்தார். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்கள். அந்த வெயிலில் அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாள் அந்தக் குடும்பம் சாப்பிடவில்லை.

திருத்தவே முடியாது என்று இல்லை. பிறப்புச் சான்றிதழ் போன்ற பொது ஆவணத்தின்படி திருத்தம் கேட்டால் வாரியம் அதைப் பரிசீலித்துச் செய்ய வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் இன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு நாளைக்கு எதற்கு மனு? பதிவை அனுப்புவதற்கு முன் பள்ளி உங்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கும். பிள்ளை டைரியில் மடித்து எடுத்துவரும். காலையில் குக்கர் விசில் அடிக்கும்போது "அம்மா, சைன்" என்று நீட்டும். அந்தத் தாளை மட்டும் அப்படிக் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். ராத்திரி விளக்கடியில் வைத்து, ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

சரி, அடுத்தது கணக்கு. என் பாடம் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டிலிருந்து ஒன்பதுக்கு வரும்போது கணக்கின் குணம் மாறுகிறது. எட்டு வரை 'எப்படிப் போடுவது' என்று தெரிந்தால் போதும். ஒன்பதிலிருந்து 'ஏன் அப்படி' என்று எழுத வேண்டும். வடிவியலில் நிரூபணம் வந்துவிடும். இயற்பியலில் வேகம், விசை என்று எல்லாமே சமன்பாடாகும். எட்டில் தொண்ணூறு வாங்கிய பிள்ளை ஒன்பதின் முதல் பரீட்சையில் அறுபதுக்கு வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. கலங்க வேண்டாம், பாடம் மாறியிருக்கிறது. ஆனால் அறுபது ஏன் வந்தது என்று விடைத்தாளைப் புரட்டிப் பார்க்காமல் விட்டால், அதற்குக் கட்டாயம் கலங்க வேண்டும்.

ஒரு விடைத்தாள் சொல்கிறேன். 5 − 2(அ − 3) என்று ஒரு கணக்கு. ஒரு பையன் 5 − 2அ − 6 என்று எழுதியிருந்தான். அடைப்புக்குறிக்கு வெளியே இருந்த மைனஸ், உள்ளே இருந்த மூன்றையும் தொட வேண்டும் என்பது அவன் மனசில் பதியவில்லை. 6-க்கு முன்னால் ப்ளஸ் வர வேண்டும். அரை மதிப்பெண்தான் போனது. அவன் அம்மா, "கவனக்குறைவு டீச்சர், மத்தபடி நல்லாப் போடுவான்" என்றார். நான் அவனுடைய பழைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் பதினோரு இடத்தில் அதே தப்பு. அது கவனக்குறைவு இல்லை, புரியாமை. அதைச் சரிசெய்ய இருபது நிமிஷம்தான் ஆனது. அப்படியே விட்டிருந்தால் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் முழுக்க அந்த மைனஸ் அவனைத் துரத்தியிருக்கும். "எனக்கு ஃபிசிக்ஸ் வராது" என்று அவனே முடிவு கட்டியிருப்பான்.

அதனால் என் வகுப்பில் எல்லாரும் ஒரு தப்பு நோட்டு வைக்க வேண்டும். நூறு பக்க நோட்டு போதும். இடது பக்கம் தப்பாகப் போட்டதை அப்படியே எழுது. வலது பக்கம் சரியானதை எழுது. கீழே, ஏன் தப்பு வந்தது என்று ஒரே ஒரு வரி, உன் வார்த்தையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பத்து நிமிஷம் புரட்டு. பிள்ளைகளே, இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கணக்கு விஷயத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்குத் தேர்வை 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' என்று 2020-லிருந்து இரண்டாக வைத்தார்கள். பாடம் ஒன்றுதான், கேள்வித்தாள் வேறு. பேசிக் சுலபம். முதல் வருஷமே, கணக்கைக் கண்டு பயந்த ஒரு பெண்ணிடம், "பேசிக் எழுதும்மா, மனசுக்கு நிம்மதி" என்று நான்தான் சொன்னேன். அவள் எழுதினாள், நல்ல மதிப்பெண். பதினொன்றில் கணக்கே இல்லாத காமர்ஸ் எடுத்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்குப் பொருளாதாரம் என்றால் உயிர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் சேர வேண்டும் என்று வந்து நின்றாள். அதற்குக் கணக்கு வேண்டும். 2022-ல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு வந்தது, அப்போதும் அந்த நிபந்தனை போகவில்லை. அவளுக்கு வழி இல்லை. அந்த வழியை அடைத்தது, அவளுடைய பதினைந்து வயதில் நான் சொன்ன ஒரு வார்த்தை. அவள் இன்னொரு படிப்பு படித்து இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அது என் தவறுதான்.

பேசிக் எழுதினவர்களுக்குப் பதினொன்றில் விதிப்படி, வழக்கமான கணக்குக்குப் பதிலாக அப்ளைடு மேத்ஸ் என்கிற பயன்பாட்டுக் கணக்குப் பாடம்தான். நடுவில் சில வருஷம் வாரியம் சலுகை கொடுத்தது. சலுகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். முடிவெடுப்பது பத்தில்தான், ஆனால் பயம் குடியேறுவது ஒன்பதில். இந்த வருஷமே அந்தப் பயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசித் தீருங்கள்.

எந்தப் படிப்புக்கு எது கட்டாயம் என்பது சீக்கிரம் சொல்லிவிடலாம். மருத்துவத்துக்கு உயிரியல் இல்லாமல் முடியாது. பொறியியலுக்குக் கணக்கும் இயற்பியலும். சட்டத்துக்கான கிளாட் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். டிசைனும் அப்படித்தான். வரைகிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒன்பதில் டிராயிங் நோட்டைப் பிடுங்கிப் பரண்மேல் போடாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது கோச்சிங். கோச்சிங் மையங்கள் நிறைந்த காலு சராய் பக்கம் போனால் சுவர் முழுக்க 'ஃபவுண்டேஷன் கோர்ஸ், ஒன்பதாம் வகுப்பு முதல்' என்று எழுதியிருக்கும். பயம் வரத்தான் செய்யும். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகுதான் சேர்க்கை, நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. யாராவது ஒன்பதாம் வகுப்பிலேயே இரண்டு வருஷப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகாமல் பெயருக்குச் சேர்ந்து கோச்சிங் மட்டும் போகலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வருகை 75 விழுக்காடு இல்லாவிட்டால் வாரியத் தேர்வே எழுத முடியாது.

அப்புறம், தமிழ். ஒன்பதில் மொழிப்பாடம் தேர்ந்தெடுக்கும்போது, "தமிழை விட்டுடலாம், ஹிந்தியில மார்க் வரும்" என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கும். நம் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இந்த ஊரில் இருக்கும்போது இப்படிக் கேட்கையில் எனக்கு வலிக்கிறது. உணர்ச்சியை விடுங்கள், கணக்காகவே பாருங்கள். க்யூட் தேர்வில் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. நாளைக்கு உங்கள் பிள்ளை ஊருக்குத் திரும்பித் தமிழ்நாடு அரசு வேலைக்குத் தேர்வு எழுதினால், தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தத் தாள் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கும். ஆக, பத்து வரை தமிழ் படித்த பிள்ளைக்கு அது பெரிய பாடு இல்லை.

ஊருக்குத் திரும்புவது என்றதும் இன்னொரு காகிதம் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்குத் தரவரிசை. தில்லியில் படித்த தமிழ்ப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வெளி மாநிலத்தில் படித்திருந்தால், பூர்வீகம் தமிழ்நாடு என்று காட்டும் இருப்பிடச் சான்றிதழ் (நேட்டிவிட்டி) வேண்டும். தாத்தா பாட்டி இருக்கும்போதே, கோடை லீவில் ஊருக்குப் போகும்போதே, தாலுகா அலுவலகத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

பயண நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள். தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான ஜங்புராவின் மதராஸி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டு, வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு நரேலா என்று ஆனபோது, அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு என்பதே பஸ் நேரமாகிவிட்டது. நகரத்தின் வடகோடியிலிருந்து தெற்கே பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு, எழுந்து தயாராகும் நேரத்தையும் கழித்துவிட்டால் படிக்க மிஞ்சுவது எவ்வளவு? அந்தப் பிள்ளையை இன்னொரு டியூஷனில் சேர்ப்பது கொடுமை. அவர்களுக்கு பஸ்ஸில் படிக்க ஒரு சின்னப் புத்தகமும் எட்டு மணி நேரத் தூக்கமும்தான் முதல் தேவை. இங்கே வசதியாக இருப்பவர்கள், பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பரீட்சை மாதத்தில் மட்டுமாவது ராத்திரி உங்கள் வீட்டில் தங்கிப் படிக்க இடம் கொடுங்கள். நான் கேட்டு யாரும் இதுவரை மறுத்ததில்லை.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வாசல் பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஆதார் நகலும் பிறப்புச் சான்றிதழும் கொண்டுவந்தவர்கள் அங்கே வாருங்கள், பெயரை எழுத்தெழுத்தாகச் சேர்ந்தே பார்த்துவிடலாம். பிள்ளைகள் கணக்கு விடைத்தாள் கொண்டுவந்திருந்தால் என்னிடம் வாருங்கள். சிவப்பு மையில் சுழித்த இடங்களை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள், ஒவ்வொருவராகப் பார்க்கிறேன்.