ஃபினியின் பெண்: காட்சிப்பொருளா, ஆள்பவளா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஓவியர் லியோனோர் ஃபினியின் சர்ரியலிசச் சித்திரங்களில், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் வரைகிற பாணிச் சித்திரங்களில், வரும் பெண் வெறும் காட்சிப்பொருள் என்று எதிரணித் தலைவர் அண்ணன் வாதாடினார். "எங்கே பார்த்தாலும் பெண்ணுடம்பு, எங்கே பார்த்தாலும் நிர்வாணம்" என்று அடுக்கினார். அண்ணே, கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டீர்களே! கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் இரண்டு கண்கள் உங்களை முறைத்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். என் வழக்கே அந்தக் கண்களைப் பற்றியதுதான்.

1907-ல் புவெனஸ் ஐரிஸில் பிறந்த ஃபினி, அம்மாவோடு திரியெஸ்தேக்கு வந்து வளர்ந்தவர். அட்ரியாட்டிக் கடலோரத் துறைமுகம் அது. அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் கையில் இருந்தது, முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிக்கு வந்தது. பிரிந்து வாழ்ந்த அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்த அம்மா, வெளியே அழைத்துப் போகும்போது ஆண்பிள்ளை உடுப்பை மாட்டிவிடுவாராம். பதின்வயதில் கண்நோய் வந்து இரண்டு கண்களையும் கட்டிவைத்தார்கள். அந்த இருட்டிலிருந்து வெளியே வந்தவர் கையில் எடுத்தது தூரிகை. மனித உடலைக் கற்க ஊர்ப் பிணவறைக்கே போனார். நடுவர் அவர்களே, அடுத்தவர் பார்ப்பதற்காக அலங்கரித்து உட்காரவைக்கப்பட்ட பிள்ளையா இது? பார்க்கப் பழகிய பிள்ளை!

எதிரணியில் பேசிய தங்கை கெட்டிக்காரி. "சர்ரியலிஸ்டுகள் எல்லாரும் பெண்ணைக் கனவுப் பொருளாகத்தானே வரைந்தார்கள், ஃபினி மட்டும் விதிவிலக்கா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அது எங்களுக்குத்தான் உதவுகிறது, தங்கச்சி.

1929 டிசம்பரில் பாரிஸ் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகையில் ஒரு பக்கம் வந்தது. நடுவில் ஓவியர் மாக்ரித் வரைந்த ஒரு நிர்வாணப் பெண். சுற்றிலும் பதினாறு ஆண்களின் புகைப்படங்கள், அந்தக் குழுவின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் உட்பட. பதினாறு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்! எதிரில் நிற்பவளைப் பார்க்கவே வேண்டாம், அவரவர் கனவில் வருபவள் போதும் என்கிறார்கள். இதுதான் அந்தக் கூட்டத்தின் பெண். ஃபினி 1936-ல் லண்டனிலும் நியூயார்க்கிலும் அவர்களோடு சேர்ந்து படங்களைக் காட்சிக்கு வைத்தார், உண்மை. ஆனால் பிரெத்தோனின் குழுவில் உறுப்பினராகச் சேர மறுத்தார். பெண்களைப் பற்றி அந்த மனிதருக்கு இருந்த எண்ணம் ஃபினிக்கு ஒத்துவரவில்லை.

இப்போது ஃபினி 1946-ல் தீட்டிய ஓவியத்துக்கு வாருங்கள். ஓர் இளைஞன் நிர்வாணமாகத் தூங்குகிறான். பக்கத்தில் கருத்த மேனியோடு ஒரு பெண் தெய்வம், ஸ்ஃபிங்ஸ் என்ற பெண்முகச் சிங்க உருவில், விழித்திருந்து அவனைப் பார்க்கிறது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கனவு கண்டார்கள், இங்கே கண்ணை மூடிக் கிடப்பவன் ஆண். 1942-ல் இன்னொரு படம்: நிர்வாணமான ஓர் ஆண் படுத்திருக்கிறான், அவன்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உடை உடுத்தியிருப்பவள் அவள்! அண்ணன் சொன்ன நிர்வாணம் இருக்கிறது, மறுக்கவில்லை. யாருடைய நிர்வாணம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"அதெல்லாம் எண்ணெய் வண்ணம், கோட்டோவியத்துக்கு வா" என்று எதிரணி வரிசையிலிருந்து குரல் வருகிறது. வருகிறேன். 1944-ல் பிரெஞ்சு எழுத்தாளர் மார்க்கி த சாத்தின் 'ஜூலியத்' நாவலுக்கு ஃபினி படம் வரைந்தார். சாத் எழுதியது அக்கா தங்கை இருவர் கதை. ஒழுக்கமாக இருந்து அடிவாங்குகிறவள் ஜுஸ்தீன். எந்தக் கட்டுக்கும் அடங்காமல் தான் நினைத்ததைச் செய்து செழிப்பவள் ஜூலியத். ஃபினியின் மைக்கோடுகளுக்குக் கதாநாயகியாக வந்தவள் இரண்டாமவள். அவள் நல்லவளா கெட்டவளா என்பது வேறு பட்டிமன்றம். அவள் யார் கைப்பாவையும் அல்ல என்பதுதான் இங்கே கணக்கு.

எதிரணியின் கையில் இருக்கும் பலமான அட்டை, 1962-ல் 'ஓவின் கதை' என்ற பிரெஞ்சு நாவலுக்கு அவர் வரைந்த படங்கள். தன்னை அடிமையாக ஒப்புக்கொடுக்கும் 'ஓ' என்ற பெண்ணின் கதை அது. அந்தக் கதையில் அவள் ஆள்கிறாள் என்று நான் சாதித்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகிவிடும். அந்த ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை அடுத்தவருடையது. அதையும் ஒரு பெண்தான் புனைபெயரில் எழுதினார். ஃபினி தன் மனத்திலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப வரைந்தது ஸ்ஃபிங்ஸை. பெண்ணின் முகம், சிங்கத்தின் உடல். அந்த முகமும் பல படங்களில் ஃபினியின் முகமேதான். திரியெஸ்தேயின் மிராமாரே கோட்டைக் கரையில் இன்றும் ஓர் எகிப்திய ஸ்ஃபிங்ஸ் கடலைப் பார்த்தபடி கிடக்கிறது. அந்த ஊரில் வளர்ந்தவருக்கு இந்த உருவம் புதிதல்ல. கிரேக்கக் கதையில் வழிமறித்துக் கேள்வி கேட்பவள் ஸ்ஃபிங்ஸ். பதில் தெரியாமல் விழிக்கிறவன் ஆண்.

ஆடை வடிவமைப்பாளர் ஸ்கியாப்பரெல்லியின் 'ஷாக்கிங்' வாசனைத் திரவியத்துக்கு 1937-ல் ஃபினி வடிவமைத்த குப்பியையும் அண்ணன் விடவில்லை. "தலையில்லாத பெண்ணுடம்பு" என்றார். அண்ணே, அது சென்ட் குப்பி! அதற்கு மூடிதான் வேண்டும், கண் எதற்கு?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அடுத்து எழுந்து வரும் எதிரணித் தம்பி ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்: காட்சிக்கு வைக்கிற பொருள்தான் பெண் என்றால், அவளுக்குச் சிங்கத்தின் நகத்தை எதற்காக வரைந்தார் ஃபினி?