மஹேபூருக்கு ஒன்பது பேர்

நேயர்களுக்கு வணக்கம். நம் மொரிசியஸ் நாட்டில் ஒரு கிராமத்தை யார் நடத்துகிறார்கள் என்று பேச வந்திருக்கிறேன். உதாரணத்துக்கு எங்கள் மஹேபூரையே எடுத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமைச் சந்தையின் கூட்டத்தைப் பார்த்தவர்கள், மஹேபூர் கிராமமா என்று கேட்பார்கள். சட்டப்படி கிராமம்தான். மொரிசியஸில் நகரசபைகள் ஐந்துதான்: போர்ட் லூயிஸ், போ பாசேன்-ரோஸ் ஹில், கத்ர் போர்ன், வாகுவா-ஃபீனிக்ஸ், கியூர்பிப். தெற்கில் ஒன்றுகூட இல்லை.

ஊர் இருப்பது கிராண் போர் விரிகுடாவின் கரையில், லா ஷோ ஆறு கடலில் சேரும் இடத்தில். எதிரே சிங்க மலை. கடலுக்குள் பவளப்பாறை அரண் போல நிற்கிறது. பெரிய கப்பல் உள்ளே வர வேண்டுமானால் இல் த லா பாஸ் என்ற சின்னத் தீவை ஒட்டிய குறுகிய வழிதான். 1598இல் டச்சுக்காரர்கள் இந்த விரிகுடாவில்தான் இறங்கினார்கள். மஹேபூரை அமைத்தவர் பிரெஞ்சு ஆளுநர் தெகான். தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராக இருப்பது அந்தக் காலத்துத் திட்டம். 1810 ஆகஸ்டில் இங்கே நடந்த கடற்போரில் ஆங்கிலேயர்கள் தோற்றார்கள். காயம்பட்ட இரு தரப்புத் தளபதிகளுக்கும், பிரெஞ்சுக்காரர் துப்பெரேவுக்கும் ஆங்கிலேயர் வில்லோபிக்கும், ஒரே வீட்டில் வைத்தியம் நடந்தது. அந்த வீடுதான் இன்றைய அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அந்த டிசம்பரிலேயே தீவு ஆங்கிலேயர் வசமானது வேறு கதை.

அப்புறம் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்தார்கள். சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள், கோவில் கட்டினார்கள். 1860களில் ரயில் வந்தது. சர்க்கரை மூட்டைகள் ரயிலேறி போர்ட் லூயிசுக்குப் போகவும் எங்கள் துறைமுகம் ஓய்ந்தது.

சரி, நிர்வாகத்துக்கு வருவோம். கிராம சபைக்கு ஒன்பது உறுப்பினர்கள், ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்கள். அவர்கள் தங்களுக்குள்ளிருந்து மாவட்ட சபைக்குப் பிரதிநிதி அனுப்புவார்கள். எங்களுக்கு அது ரோஸ் பெல் என்ற ஊரில் இருக்கும் கிராண் போர் மாவட்ட சபை. குப்பை வண்டி, தெருவிளக்கு, சாக்கடை, வீடு கட்ட அனுமதி எல்லாம் மாவட்ட சபையின் கையில். கிராம சபைக்கு மிஞ்சுவது சமூகக்கூடம், விளையாட்டுத் திடல் போன்ற சில்லறை வேலைகள். பணமும் பெரும்பாலும் மத்திய அரசின் மானியம்தான்.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று ஒன்பது பேருக்கும் தெரியும். காவடி போகும் வழியில் எந்த விளக்கு எரியவில்லை என்றும் தெரியும். தெரிந்தவர்கள் கையில் அதிகாரம் இல்லை. போதாததற்கு, 2012 டிசம்பரில் கிராம சபைத் தேர்தல் நடந்தது. ஆறாண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டியது, அடுத்தது 2020 நவம்பரில்தான் வந்தது. எட்டு வருஷம்! அதைத் தட்டிக் கேட்ட குரல்களும் குறைவு.

ஊருக்குத் திறமை இல்லையா? 2020 ஜூலையில் வாக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள புவேன்த் தெஸ்னி அருகே பாறையில் ஏறியது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்ததும், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மஹேபூர் கடற்கரையில் ஜனங்கள் கூடினார்கள். காய்ந்த கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்து, நீளநீளமாகத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். தைக்க உட்கார்ந்தவர்களில் பெண்கள் ஏராளம். யார் தோகை கொண்டு வருவது, யார் படகில் போவது என்று அங்கேயே பேசி முடிவு செய்தார்கள். ஊராட்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

அதனால் கேட்கிறேன். மாவட்ட சபை செய்யும் வேலைகளில் சிறிய சாக்கடை, தெருவிளக்கு பழுது, நடைபாதை ஆகிய மூன்றையாவது பணத்தோடு கிராம சபையிடம் கொடுக்க வேண்டும். கூடவே, தேர்தல் தேதியைத் தள்ளிப்போட முடியாதபடி சட்டத்தில் எழுத வேண்டும். நாமும் சும்மா இருக்கக் கூடாது. கிராம சபைத் தேர்தலில் ஒரு குழு நிறுத்தும் வேட்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினத்தவர் இருக்கக் கூடாது என்பது விதி. ஒன்பது பேரை நிறுத்தினால் மூன்று பெண்களாவது வேண்டும். பெயருக்கு மூவரைத் தேடாமல், அன்று கடற்கரையில் முன்னால் நின்ற பெண்களைப் போய்க் கேளுங்கள். வணக்கம்.