கோத்தகிரியில் ‘கிரி’ இல்லை!

[காட்சி: கோத்தகிரி பஸ் நிலையம், காலை மூடுபனி]

நீலகிரியில் ‘கிரி’ இருக்கிறது. நான் நிற்கும் இந்தக் கோத்தகிரியில் ‘கிரி’ கிடையாது. பஸ்ஸின் நெற்றிப் பலகையில் பளிச்சென்று எழுதியிருக்கிறதே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அசல் கிரி. சமஸ்கிருதத்தில் மலை என்று பொருள். அங்கே ‘மலையில்’ என்பதற்கு ‘கிரௌ’ என்று சொல்லே உருமாறும். தமிழ் அடிச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘கிரியில்’ என்று தன் உருபை ஒட்டிக்கொண்டது.

இலங்கையின் சிகிரியா, கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணம் எல்லாம் இதே கிரிதான். ஜாவாவில் மாதாராம் அரசர்களின் கல்லறைகள் இருக்கும் குன்றின் பெயர் இமோகிரி, அதாவது ஹிமகிரி. பனியே விழாத ஊரில் ஒரு பனிமலை! கம்போடியாவின் கெமர் மொழியில் ‘ப்னோம்’ என்றால் குன்று. ‘ப்னோம் பென்’ என்று அது முன்னால்தான் நிற்கும். ரத்தனகிரியிலோ கிரி பின்னால் நிற்கிறது. சமஸ்கிருத வரிசை குலையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நம்மிடமும் அந்தத் தடயம் உண்டு. மரம் + கிளை, மரக்கிளை. நீலம் + கடல், நீலக்கடல். நீலகிரியில் மட்டும் ‘க்’ எங்கே? சமஸ்கிருதத்திலேயே புணர்ந்து வந்த தொடர், அதனால் நம் சந்தி அதைத் தொடவில்லை.

இப்போது கோத்தகிரி. இது கோத்தர் கேரி. கொல்லர் வேலையிலும் மட்பாண்டத்திலும் இசையிலும் கைதேர்ந்த நீலகிரிப் பழங்குடியினர் கோத்தர்கள். ‘கேரி’ என்றால் கன்னடத்தில் தெரு. சொல்லிப் பாருங்கள்: கேரி, சேரி. ஆமாம், நம் சேரியேதான்! நம் செவி கன்னடத்தில் கிவி. நகைக்கடையில் கெம்புக்கல் அட்டிகை பார்த்திருப்பீர்களே, அந்தக் கெம்பு கன்னடத்துச் சிவப்பு. நம் செம்மைக்கு உடன்பிறப்பு. பழைய ககரத்தைக் கன்னடம் காத்து வைத்திருக்கிறது. தமிழ் பல சொற்களில் இகர, எகர உயிர்களுக்கு முன்னால் அதைச் சகரமாக்கிவிட்டது.

ஆக, கோத்தகிரிக்கு உறவு இமயமலை அல்ல, புதுச்சேரியும் வேளச்சேரியும்தான். இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மலையென்று நினைத்த இடத்தில் மனிதர்களின் தெரு இருந்தது.

நீலகிரி நண்பர்களே, உங்கள் ஊர்ப் பெயரை வீட்டுப் பெரியவர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள்? பலகையில் இருப்பதை விடுங்கள். பாட்டி சொல்கிற மாதிரியே கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.