சர்ஃபேஸ் இல்லாம எல் செக்‌ஷன்: டம்மி சர்ஃபேஸ் கட்டாதீங்க ப்ளீஸ்

வணக்கம் மக்களே, இன்னைக்கு கொஞ்சம் கடுப்புலதான் ரெக்கார்ட் பண்றேன். சிவில் த்ரீடிங்கிற ரோடு டிசைன் சாஃப்ட்வேர்ல போட்ட ஒரு டிராயிங் பாத்தேன். சர்வேல சென்டர் லைன் லெவல் மட்டும்தான் இருக்கு, செயினேஜ் (ஆரம்பத்துலருந்து எவ்ளோ தூரம்), ஆர்எல் (அங்க தரை உயரம்), அவ்ளோதான். அதுக்கு என்ன பண்ணிருக்காங்கன்னா, அதே பாயிண்டை இடப்பக்கம் ஒண்ணு வலப்பக்கம் ஒண்ணுன்னு அதே ஆர்எல்லோட காப்பி போட்டு, டம்மி சர்ஃபேஸ், அதாவது பொய்யா ஒரு தரை மாடல் கட்டி, அதுலருந்து ப்ரொஃபைல், அதாவது எல் செக்‌ஷனுக்கான நீளவாக்குத் தரைக்கோடு எடுத்திருக்காங்க. ஏங்க? டம்மி சர்ஃபேஸ்னா எனக்கு எப்படி ஏறும்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். எல் செக்‌ஷன் சரியாதான் வரும், நாளைக்கு வேற ஒருத்தர் அந்த ஃபைலைத் திறந்து ரோட்டுக்குக் குறுக்க கிராஸ் செக்‌ஷன் வெட்டி மண்வேலை குவாண்டிட்டி எடுப்பாரு பாருங்க, தரை ரெண்டு பக்கமும் மேசை மாதிரி தட்டையா கிடக்கும், அங்க யாரும் லெவல் எடுக்குற ஸ்டாஃப் கம்பே வெச்சிருக்க மாட்டாங்க!

சிவில் த்ரீடில இதுக்கு நேர் வழியே இருக்கு. ஹோம் டேப், ப்ரொஃபைல், கிரியேட் ப்ரொஃபைல் ஃப்ரம் ஃபைல். சாதா டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு பாயிண்ட், ஸ்டேஷன் (நம்ம செயினேஜ்தான்), ஒரு ஸ்பேஸ், எலிவேஷன் (ஆர்எல்). மூணாவதா ஒரு நம்பர் போட்டா அது கர்வ் லெங்த், தரை லெவலுக்கு அது தேவையில்ல. அட, அலைன்மென்ட், அதாவது டிராயிங்ல ரோட்டோட சென்டர் லைன், அதைச் சொல்லாம விட்டுட்டேன், அது முதல்லயே இருக்கணும், அதோட ஸ்டார்ட் ஸ்டேஷனும் லெவல் புக் செயினேஜும் ஒண்ணா இருக்கணும்.

இப்ப அந்த ப்ளஸ் குறி. 0+020ன்னு எழுதி அனுப்புறாங்கல்ல, ஃபைல்ல அது ஆகாது, வெறும் 20 தான் இருக்கணும். எக்செல்ல சில பேர் 20ன்னு அடிச்சிட்டு ஃபார்மேட்ல ப்ளஸ் காட்டுவாங்க, டெக்ஸ்டா சேவ் பண்ணா ப்ளஸ்ஸோடயே போய் உக்காரும், நீங்க ஸ்க்ரீனையே வெறிச்சுப் பாத்துட்டு இருப்பீங்க. நோட்பேட்ல திறந்து பாத்துட்டு அப்புறம் லோட் பண்ணுங்க. ஒரு ப்ளஸ், அதுக்கு இவ்ளோ நேரம் பேசுறேன், தெரியும், ஆனா பாதி பேர் அங்கதான் மாட்டுறாங்க.

ப்ரொஃபைல் வியூ, அதாவது அந்தக் கோட்டைக் காட்டுற கிராஃப் போட்டதும், அதோட லெவல் எழுதுற பட்டையான பேண்ட்ல லெவல் வராம இருந்தா, ப்ராப்பர்ட்டீஸ்ல பேண்ட்ஸ் டேப் போயி ப்ரொஃபைல் 1 காலம்ல உங்க ப்ரொஃபைலைக் குடுங்க. அப்புறம் மேஜர் ஸ்டேஷன்ல, அதாவது சம இடைவெளில மட்டும் லேபிள் வெச்சா, நீங்க லெவல் எடுக்காத இடத்துல சாஃப்ட்வேர் அதுவா கணக்கு போட்டு இன்டர்பொலேட் பண்ண லெவல்தான் வரும், எனக்கு அது சுத்தமா பிடிக்காது, பேண்ட் ஸ்டைல்ல வெர்டிகல் ஜியாமெட்ரி பாயிண்ட்டுக்கு, அதாவது ஃபைல்ல நீங்க குடுத்த பாயிண்ட்டுகளுக்கு லேபிள் வைங்க, எடுத்த லெவல் அப்படியே வரும்.

ஒண்ணு, அலைன்மென்ட்டை நகத்தினா இந்த ப்ரொஃபைல் புது தரைக்கு மாறாது, சர்ஃபேஸ்லருந்து எடுத்ததுதான் மாறும். ரோடு இடம் மாறுதுன்னா திரும்ப லெவல் எடுத்துதான் ஆகணும்.

ஆங், சுவர் மாதிரி செங்குத்தா இறங்குற இடத்துல ஒரே செயினேஜுக்கு ரெண்டு ஆர்எல் குடுக்காதீங்க. 45.00, 45.01ன்னு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குடுங்க, பிரிண்ட்ல யாருக்கும் தெரியாது.