சுண்டெலிக் கருவில் ஓர் ஆறு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான். ஒய் இருந்தும் அண்டகத்தோடு பிறக்கும் சுண்டெலி உண்டு. ஒய் இல்லாமலே விந்தகம் வளர்ந்த சுண்டெலியும் உண்டு.

மேலூர்ப் பக்கம் வரப்பில் ஓடும் வயல் சுண்டெலியை விட்டுவிடுவோம். நம் காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வுக்கு உதவியது அதுதான் என்பது வேறு கதை. இன்று பேசுவது ஆய்வகச் சுண்டெலியைப் பற்றி. அதற்கு 40 குரோமோசோம்கள், சினைக்காலம் ஏறத்தாழ 20 நாள்.

பத்தாம் நாள் கருவில் சிறுநீரக முளையை ஒட்டி ஒரு சின்ன மேடு இருக்கும். அது விந்தகமாகவும் ஆகலாம், அண்டகமாகவும் ஆகலாம். 10.5ஆம் நாளில் ஒய்யில் உள்ள எஸ்.ஆர்.ஒய் மரபணு அங்கே விழிக்கிறது. 11.5இல் உச்சத்துக்குப் போய், 12.5 வாக்கில் அடங்கிவிடுகிறது. அதன் முக்கிய வேலை, 11ஆம் குரோமோசோமில் உள்ள சாக்ஸ்9 மரபணுவைத் தட்டி எழுப்புவது. எழுந்த சாக்ஸ்9 பிறகு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், விந்தகத்துக்கு அடித்தளமான செர்டோலி செல்கள் உருவாகும், விந்தகம் எழும்பும்.

எப்போது தட்டுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒய் இல்லாத எக்ஸ்எக்ஸ் கருக்களில், சூடு பட்டால் இயங்கும்படி எஸ்.ஆர்.ஒய்யைச் சேர்த்து, வேண்டிய நேரத்தில் இயக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேர இடைவெளிக்குள் இயக்கினால் விந்தகம் வந்தது. தாமதமானால் சாக்ஸ்9 எழும், ஆனால் நிலைக்காது. அதற்குள் அண்டகத்துக்கான மரபணுக்கள் கை ஓங்கிவிடும். அழகர் வைகைக்கு வந்து சேர்வதற்குள் மீனாட்சி கல்யாணம் முடிந்துபோன கதைதான்.

தாமதம் இயற்கையிலும் நேர்கிறது. சுவிட்சர்லாந்தின் பொஸ்கியாவோ பள்ளத்தாக்குச் சுண்டெலியின் ஒய், சொந்த ஊரில் ஒழுங்காக ஆணைத்தான் தருகிறது. அதே ஒய்யை, ஆய்வகங்களில் எங்கும் வளர்க்கும் கருப்புச் சுண்டெலி இனத்துக்குள் கலப்பினால் கொண்டுவந்தால், சில குட்டிகளுக்கு அண்டகம், சிலவற்றுக்கு இரண்டும் கலந்த சுரப்பி. கலந்த சுரப்பியை அறுத்துப் பார்த்தால் விந்தகப் பகுதி நடுவிலும் அண்டகப் பகுதி இரு முனைகளிலும் இருக்கும். எஸ்.ஆர்.ஒய் நடுவில் தொடங்கி முனைகளுக்குப் பரவுவதால், முனைக்குப் போகும்போது நேரம் கடந்துவிடுகிறது.

எஸ்.ஆர்.ஒய் மட்டும் போதும் என்பது 1991இல் உறுதியானது. அந்த மரபணு அடங்கிய 14,000 டி.என்.ஏ எழுத்து நீளத் துண்டைக் கருமுட்டைகளில் செலுத்தினார்கள். ஓர் எக்ஸ்எக்ஸ் சுண்டெலி ஆணாக வளர்ந்து, பெண்களோடு கூடவும் செய்தது. விந்தணுதான் இல்லை. இரண்டு எக்ஸ் இருந்தால் விந்துக்கான மூலச்செல்கள் பிழைப்பதில்லை. ஒய்யின் மற்ற மரபணுக்களும் தேவைப்படுகின்றன. 2018இல் இன்னொரு பக்கம் தெரிந்தது. சாக்ஸ்9இலிருந்து ஐந்து லட்சம் எழுத்துகளுக்கும் அப்பால், அதைத் தட்டி எழுப்பும் விசையாக உள்ள 557 எழுத்துத் துண்டு ஒன்றை நீக்கியதும், எஸ்.ஆர்.ஒய் நன்றாக இருந்த எக்ஸ்ஒய் கருவிலும் அண்டகமே வளர்ந்தது.

ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். முதலாவது, நாள் கணக்கு. இரவு இணையவிட்டு, காலையில் இணைந்ததற்கு அடையாளமான யோனி அடைப்பைப் பார்த்து, அன்று நண்பகலை 0.5 என்று வைப்பது வழக்கம். ஒரே சினைக் குட்டிகளுக்குள்ளேயே சில மணி நேரம் முன்பின் இருக்கும். ஆறு மணி நேரச் சங்கதியில் அது பெரிய பிழை. ஒவ்வொரு கருவிலும் வாலில் வரிசையாகத் தெரியும் கண்டங்களை எண்ணுங்கள். ஏறத்தாழ 18 இருந்தால் 11.5.

இரண்டாவது, பி.சி.ஆர்; அதாவது மரபணுத் துண்டைப் பெருக்கி, ஜெல்லில் பட்டையாகப் பார்க்கும் சோதனை. எஸ்.ஆர்.ஒய் பட்டை வராவிட்டால் பெண் என்று எழுதிவிடாதீர்கள், சோதனையே தோற்றிருக்கலாம். எக்ஸிலும் ஒய்யிலும் ஜோடியாக உள்ள ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ் பட்டை எப்போதும் வரும். கேடிஎம்5சி, கேடிஎம்5டி ஜோடி அப்படிப்பட்டது: பட்டையின் நீளம் எக்ஸுக்கு 331 எழுத்து, ஒய்க்கு 302. வித்தியாசம் 29 எழுத்துதான் என்பதால் நீர்த்த ஜெல்லில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்; அடர்த்தியான அகரோஸ் ஜெல்லில் நிதானமாக ஓடவிடுங்கள். அதுவும் குரோமோசோமைத்தான் சொல்லும். விந்தகமா அண்டகமா என்று தெரிய, சுரப்பியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.