மவுண்ட் ஆபர்ன் தெரு, எண் 47: ஒரு சிறிய நாட்டார் இசை மன்றத்தின் கதை

அவைத்தலைவர் அவர்களுக்கும் இசை ஆர்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள கேம்பிரிட்ஜ் நகரில், 1958 முதல் 1968 வரை பத்தே ஆண்டுகள் நடந்த 'கிளப் 47' என்ற மன்றத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இம்மன்றத்தைப் பற்றிப் பேசுவோர் அங்கே பாடிப் புகழ் பெற்றவர்களின் பெயர்களை அடுக்கிவிட்டு அமர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் பட்டியலில் அவ்வளவு நாட்டமில்லை. ஒரு காபிக் கடை, யாரும் திட்டமிடாமலேயே, எப்படி ஒரு பாடசாலையாயிற்று என்பதே என் பொருள்.

பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் படித்து வெளிவந்திருந்த ஜாய்ஸ் கலினா, பாலா கெல்லி என்ற இரண்டு இளம்பெண்கள் மவுண்ட் ஆபர்ன் தெருவில் 47-ஆம் எண் கடையைப் பிடித்து, ஐரோப்பியக் காபிக் கடைகளைப் போல உட்கார்ந்து பேசவும் இசை கேட்கவும் ஓர் இடம் அமைத்தார்கள். மது கிடையாது. மேடை ஜாஸ் இசைக்கென்றே போடப்பட்டது. நாட்டார் பாடல் அவர்கள் கணக்கிலேயே இல்லை. (பின்னாளில் ஜாய்ஸ் சோப்ரா என்ற பெயரில் திரைப்பட இயக்குநராக அறியப்பட்டவர் இந்த ஜாய்ஸ்தான்.) அந்தக் கணக்கை மாற்றியவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாட்டார் இசைப் பாடகி ஜோன் பேயஸ். அவருடைய தந்தை ஆல்பர்ட் பேயஸ் இயற்பியல் அறிஞர், எம்.ஐ.டி.யில் வேலை கிடைத்ததால் குடும்பம் அப்பகுதிக்கு வந்திருந்தது. பதின்வயது கடக்காத அந்தப் பெண்ணுக்குப் பத்து டாலர் சம்பளம் பேசப்பட்டது. முதல் நாள் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டாரும் நண்பர்களும்தான். 1959 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் அவர் பாடினார்; அடுத்த ஆண்டு முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன்பின் கிதாரைத் தூக்கிக்கொண்டு இக்கடைக்கு வராத மாணவர் கேம்பிரிட்ஜில் குறைவு.

இதற்கிடையே ஒரு சிக்கல் வந்தது. உணவும் பானமும் விற்கும் இடத்தில் மூன்றுக்கு மேற்பட்ட தந்தி வாத்தியங்களைச் சேர்த்து வாசிக்கக் கூடாது என்று அந்நகரில் ஒரு பழைய விதி இருந்தது. இரண்டு கிதார், ஒரு பாஞ்சோ, ஒரு பிடில் என்றாலே விதிமீறல்! எதற்காக அப்படி ஒரு விதியை எழுதினார்களோ, எழுதியவர்களுக்கே வெளிச்சம். அதிலிருந்து தப்புவதற்காக, கடை இலாப நோக்கமற்ற கல்விச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. வருவோர் சந்தா கட்டி உறுப்பினர் ஆனார்கள். காகிதத்தில் சட்டத்துக்காகச் சேர்த்த 'கல்வி' என்ற நோக்கம், இரண்டொரு ஆண்டுகளில் உண்மையாகவே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது என் கருத்து.

பழைய இசைத்தட்டுகளில் குரலை மட்டும் கேட்டிருந்த அமெரிக்கத் தென்மாநிலக் கலைஞர்கள் அப்போது ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்தார்கள். 1928-இல் பதிவு செய்துவிட்டு, பிறகு ஊரில் பண்ணை வேலை பார்த்துவந்த மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1963-இல் கண்டறியப்பட்டு, இந்த மேடையில் வந்து பாடினார். டாக் வாட்சன், பில் மன்றோ, மடி வாட்டர்ஸ் ஆகிய புகழ்பெற்ற தென்மாநிலக் கலைஞர்களும் வந்தார்கள். அவர்களில் பலர் தங்கியது இளம் இசைஞர்களின் வீடுகளில்தான் என்பதால், கச்சேரியில் கேட்டதை மறுநாள் காலை பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்தே பழக முடிந்தது.

கற்றுக்கொடுத்தது மூத்தவர்கள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல் வகையான புளூஸில் மேதையாக விளங்கிய மிசிசிப்பிக்காரர் சன் ஹவுஸ், 1964-இல் ரோசெஸ்டர் நகரில் கண்டுபிடிக்கப்பட்டபோது, கிதாரைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1930-இல் தாமே பதிவு செய்த பாட்டுகள் கை மறந்துபோயிருந்தன. கேம்பிரிட்ஜ் வட்டத்தைச் சேர்ந்த ஆல் வில்சன் என்ற இருபது வயது கடந்த இளைஞர் அந்தப் பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். அவர் பெரியவரின் எதிரே அமர்ந்து, "இந்தப் பாட்டை நீங்கள் முப்பதில் இப்படி வாசித்தீர்கள், நாற்பதுகளில் இப்படி மாற்றினீர்கள்" என்ற முறையில் வாசித்துக் காட்ட, பெரியவருக்குத் தம் பாணி திரும்பக் கைவந்தது. 1965-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட சன் ஹவுஸின் இசைத்தட்டில் வில்சனும் உடன் வாசித்திருக்கிறார். பாஞ்சோ கதையும் இதுபோலத்தான்: இம்மன்றத்தில் பாடகர் ஜிம் ரூனியுடன் வாசித்துவந்த பில் கீத், பிடில் மெட்டுகளை ஒரு சுரமும் விடாமல் பாஞ்சோவில் கொண்டுவரும் முறையைப் பயின்று, 1963-இல், புளூகிராஸ் என்னும் தென்மாநிலத் தந்தி வாத்திய இசையின் தந்தையான பில் மன்றோவின் குழுவிலேயே இடம் பிடித்தார். வடக்கத்தி மாணவன் ஒருவனின் கைவித்தை தென்னாட்டு இசையின் இலக்கணத்துக்குள் நுழைந்துவிட்டது.

புகழ்பெற்ற பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலனைப் பற்றி ஒரு சொல். அவர் இங்கே பிறரின் கச்சேரி இடைவேளைகளில் பாடியவர். கேம்பிரிட்ஜ்க்காரரான பாடகர் எரிக் வான் ஷ்மிட்டிடம் கற்ற பாட்டு ஒன்றை 1962-இல் வந்த தம் முதல் தட்டில் பாடியபோது, அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதையும் தட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்.

1963-இல் மன்றம் பாமர் தெருவில் ஒரு நிலவறைக்கு இடம் மாறியது. கதவு எண் அங்கும் 47. நூறு பேருக்குச் சற்று மேல் உட்காரலாம். அந்த அளவுதான் மன்றத்தின் பலம், அதுவே கடைசியில் அதன் பலவீனமும் ஆனது. அறுபதுகளின் பிற்பகுதியில் மின்கிதார்க் குழுக்கள் வந்தன, ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது, பெரிய அரங்குகள் திறந்தன. நூறு சீட்டு விற்ற பணத்தில் எதுவும் கட்டுப்படியாகாமல் 1968-இல் மன்றம் மூடப்பட்டது. ராக் இசைதான் கொன்றது என்று சொல்வோர் உண்டு. வரவு செலவு ஏட்டைப் பார்த்துப் பேசுவதே நேர்மை என்பேன்.

அதே நிலவறையில் 'பாசிம்' என்ற பெயரில் ஒரு புத்தகக் கடை வந்தது. பாப் டான்லினும் அவர் மனைவி ரே ஆனும் அதை ஏற்று நடத்தி, மீண்டும் பாட்டுக்கு இடம் கொடுத்தார்கள். சுசான் வேகா போன்ற அடுத்த தலைமுறைப் பாடகர்கள் பாடியது இவர்கள் காலத்தில். 1990-களின் நடுவில் அது மறுபடியும் இலாப நோக்கமற்ற அமைப்பாயிற்று. 1997-இல் அதன் இயக்குநராக வந்த பெட்சி சிகின்ஸ், பேயஸின் கல்லூரித் தோழி. கல்லூரியை விட்டுவிட்டுப் பழைய கிளப் 47-இல் காபி பரிமாறியவர். பாமர் தெரு 47-இல் இன்றும் கச்சேரிகள் நடக்கின்றன. கூடவே கிதாரும் பாஞ்சோவும் பிடிலும் சொல்லிக்கொடுக்கும் இசைப் பள்ளியும் நடக்கிறது. எத்தனை தந்தி வாத்தியங்களை ஒன்றாகச் சேர்த்து வாசித்தாலும் இப்போது தடுப்பாரில்லை.